அரசு ரகமா, வீரிய ஒட்டா, பாரம்பரிய நெல்லா? விதைக்குப் பின்னால் இருக்கும் பணத்தையும் பார்த்து முடிவெடுப்போம்

ஆடி பிறந்ததும் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே கேள்விதான்: "இந்தச் சம்பாவுக்கு என்ன விதை போடலாம்?" முன்பெல்லாம் இதற்குப் பதில் சுலபம். போன வருஷம் ஊரில் யார் வயல் நன்றாக இருந்ததோ, அவரிடம் நாலு மரக்கால் நெல் வாங்கி விதைத்துவிடுவோம். இப்போது கடையில் பளபளக்கும் பையில் வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) நெல் இருக்கிறது. வேளாண்மை விரிவாக்க மையத்தில் நீல அட்டை கட்டிய அரசு ரக மூட்டை இருக்கிறது. வாட்ஸ்அப்பில் மாப்பிள்ளைச் சம்பா, கருப்பு கவுனி விதை கிடைக்கும் என்று செய்தி வருகிறது. மூன்றும் ஒரே வாரத்தில் கண்ணில் பட்டால் யாருக்கும் குழப்பம் வரத்தான் செய்யும்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். டெல்டாவில் சம்பாவும் தாளடியும் போடுகிறவரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மற்ற மாவட்டத்துக்காரர்கள் ரகத்தின் பெயரை மாற்றிப் படித்துக்கொண்டால் கணக்கு பெரும்பாலும் பொருந்தும்.

## எதை வைத்து எடை போடுவது?

ஐந்து கேள்விகள் போதும் என்பது என் அனுபவம்.

1. விதைக்கு ஏக்கருக்கு எவ்வளவு செலவு? அறுவடையில் எடுத்து வைத்தால் அடுத்த வருஷம் விதையாகுமா?
2. வயது எத்தனை நாள்? என் வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளுக்கும் என் பட்டத்துக்கும் (விதைக்கும் பருவத்துக்கும்) ஒத்து வருமா?
3. ஐப்பசி, கார்த்திகை மழையில் நின்று பிழைக்குமா? குலை நோய், புகையான் பூச்சி, இலைக்கருகல் நோய் வந்தால் எவ்வளவு தாங்கும்?
4. விளைந்ததை யார் வாங்குவார்கள், என்ன விலைக்கு?
5. இந்த ரகத்தை உருவாக்க யார் பணம் போட்டார்கள்? நாளைக்கு இது நோயில் விழுந்தால் இதற்கு மாற்றாக இன்னொன்றை யார் தருவார்கள்?

முதல் நான்கையும் எல்லோரும் கேட்கிறோம். ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை. மற்ற நான்குக்கும் வேர் அதுதான் என்று நான் நினைப்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

## விதைக்குப் பின்னால் இருக்கும் பணம்

சில வருஷங்களுக்கு முன் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு நெல்லைச் சேர்த்துப் புது ரகம் உருவாக்க ஒட்டுக்கட்டும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தொட்டியில் நட்ட பயிர். மறுநாள் பூக்கப்போகும் கதிரை முந்தின நாள் சாயங்காலமே தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு மணியிலும் உமியின் நுனியைச் சின்னக் கத்தரியால் சாய்வாக வெட்டி, உள்ளே இருக்கும் 6 மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட்டு, பட்டர் பேப்பர் உறை மாட்டி வைத்திருந்தார் அங்கே வேலை செய்யும் ஒரு அம்மா. மறுநாள் காலை பத்து மணி வாக்கில் ஆண் செடியில் பூ விரிந்ததும், அந்தக் கதிரை எடுத்து வந்து உறைக்குள் விட்டு மெல்லச் சுழற்றினார். இத்தனை பாடுபட்டாலும் ஒரு கதிரில் கிடைப்பது உள்ளங்கையில் அடங்கும் சில மணிகள்தான். அவற்றை விதைத்து, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி, பல ஊர்களில் வைத்துப் பார்த்து, விவசாயிகளின் வயலிலும் சோதித்து, ஒரு ரகம் என்று பெயர் வைக்க 10, 12 வருஷம் ஆகிவிடும். அத்தனை வருஷமும் யாரோ சம்பளம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் நாட்டில் நெல்லுக்கு அந்தச் சம்பளத்தை அதிகம் கொடுத்தது அரசுதான். கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1912இல் தொடங்கியது. ஆடுதுறை நிலையம் 1922இல் வந்தது. கோயம்புத்தூரில் பொறுக்கி எடுத்த ஜி.இ.பி. 24 என்ற நெல் 1921இல் வெளியானது. அதன் பிள்ளை திரூர்குப்பத்து டி.கே.எம். 6. ஜி.இ.பி. 24இன் பேரன், நம் அப்பாமார் போட்ட ஐ.ஆர். 20. ஜி.இ.பி. 24இன் இன்னொரு கிளைதான் இன்று நாம் ஆந்திரா பொன்னி என்று சொல்லும் பி.பி.டி. 5204. நூறு வருஷத்துக்கு முன் போட்ட காசு இன்றைக்கும் நம் தட்டில் சோறாக விழுகிறது.

கம்பெனிகள் ஏன் இந்த வேலைக்கு வருவதில்லை? நெல் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பயிர். ஒரு தடவை விதை வாங்கியவர் அடுத்த வருஷம் தன் களத்திலிருந்தே எடுத்துக்கொள்வார். அவர் திரும்பக் கடைக்கு வராவிட்டால், போட்ட முதல் திரும்பாது. அதனால் வருஷா வருஷம் வாங்கியே தீர வேண்டிய வீரிய ஒட்டுகளுக்குத்தான் தனியார் பணம் போகிறது: மக்காச்சோளம், கம்பு, பருத்தி, காய்கறி. நிலக்கடலையைப் பாருங்கள். திண்டிவனத்தில் 1967இல் வந்த டி.எம்.வி. 7 அரை நூற்றாண்டைத் தாண்டியும் வயலில் இருக்கிறது. நல்ல ரகம்தான். ஆனால் அந்தப் பயிரில் போட்டிக்குப் பணம் போட ஆள் குறைவு என்பதும் ஒரு காரணம்.

1988இன் புதிய விதைக் கொள்கைக்குப் பிறகு தனியார் விதைத்துறை வேகமாக வளர்ந்தது. அது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே வேகத்தில் பொதுப்பணம் வளரவில்லை. மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சி, கல்வித் துறைக்கான பட்ஜெட் ஒதுக்கீடு 2023-24இல் 9,504 கோடி ரூபாய், 2024-25இல் 9,941 கோடி, 2025-26இல் 10,466 கோடி. வருஷத்துக்கு 5 சதவீத அளவில்தான் ஏற்றம். விலைவாசியைக் கழித்தால் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது. மாடு, மீன், தோட்டப்பயிர், கல்லூரி எல்லாம் இதற்குள்தான். பெரும்பகுதி சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போய்விடும். பயிர் இனப்பெருக்கத்துக்கு மிஞ்சுவது ஒரு துண்டு. அதே 2024-25இல் உர மானியத்துக்கு ஒதுக்கியது 1,64,000 கோடி. ஆராய்ச்சிக்குக் கொடுத்ததைப் போல 16 மடங்கு. மத்திய அரசின் 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையே, வேளாண் ஆராய்ச்சியில் போடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 13 ரூபாய் 85 காசு திரும்பக் கிடைக்கிறது என்று சொன்னது. இவ்வளவு லாபம் தரும் இடத்தில் இவ்வளவு குறைவாகப் போடுகிறோமே என்ற ஆதங்கம் எனக்குத் தீரவே இல்லை.

வெளிநாட்டுக் கதை இரண்டையும் சொல்லிவிடுகிறேன். கேம்பிரிட்ஜில் அரசின் பயிர் இனப்பெருக்க நிலையம் ஒன்று இருந்தது. பிரிட்டன் அரசு அதை 1987இல் யூனிலீவருக்கு விற்றுவிட்டது. ஆஸ்திரேலியாவில் வேறு வழி. அங்கே கோதுமை விவசாயி விதையைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். விளைந்ததை விற்கும்போது டன்னுக்கு இவ்வளவு என்று ரகத்தை உருவாக்கியவருக்கு ஒரு தொகை போகும். விளைச்சல் இல்லாத வருஷம் தொகையும் இல்லை. பெரிய தானியக் கிடங்குகள் வழியாக விற்கும் ஊரில் இது நடக்கும். களத்துமேட்டில் வியாபாரி வந்து எடை போடும் நம் ஊரில் வசூலிப்பது கஷ்டம். நம்மிடம் இருப்பது வரிப்பணம், கம்பெனிப் பணம், விவசாயி தன் கையால் காப்பாற்றிய விதை, இந்த மூன்றும்தான்.

## அரசு ரகங்கள்

டெல்டாவில் சம்பாவுக்கு சி.ஆர். 1009 சப் 1, தாளடிக்கு டி.கே.எம். 13, ஆடுதுறை 39, குறுவைக்கு ஆடுதுறை 36, கோ 51 என்று பட்டத்துக்கு ஏற்ப ரகங்கள் உண்டு. வாங்கும்போது அட்டையைப் பாருங்கள். வெள்ளை அட்டை ஆதார விதை (இதைப் பெருக்கித்தான் சான்று விதை எடுப்பார்கள்), நீல அட்டை சான்று விதை. சான்று விதையில் முளைப்பு குறைந்தது 80 சதவீதம், சுத்தம் 98 சதவீதம் இருக்க வேண்டும். கலவன் (நடுவில் முளைக்கும் வேறு ரகச் செடி) நீக்கி எடுத்து வைத்தால் மூன்று வருஷம் வரை உங்கள் விதையையே போடலாம். 2001இன் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் விதையைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவும் விற்கவும் நமக்கு உரிமை தந்திருக்கிறது. நிறுவனத்தின் பெயர் போட்டுப் பை கட்டி விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

சப் 1 கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒடிசா விவசாயிகள் வெள்ளக்காட்டில் போட்டுவந்த ஒரு பழைய நெல்லிலிருந்து எஃப்.ஆர். 13ஏ என்ற ரகத்தைப் பொறுக்கினார்கள். அது இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் தண்ணீர் வடிந்ததும் தூர் கட்டி எழுந்துவிடும். ஆனால் விளைச்சல் குறைவு. 1970களிலேயே அதன் குணம் ஆராய்ச்சியாளர்களின் கண்ணில் பட்டது. அதற்குக் காரணமான, சப் 1 என்று பெயர் வைத்த மரபணுவைத் தனியாகப் பிடித்தது 2006இல். அதை ஏற்றிய சுவர்ணா சப் 1 இந்தியாவில் 2009இல் வெளியானது. பிறகு நம் சி.ஆர். 1009க்கும் வந்தது. முப்பது வருஷப் பொறுமை. காலாண்டுக் கணக்குக் காட்ட வேண்டிய எந்தக் கம்பெனியும், விதை சேமிக்கக்கூடிய நெல்லுக்காக இவ்வளவு காத்திருக்காது. கார்த்திகையில் நட்ட பயிர் தண்ணீருக்கடியில் கிடக்கும்போது வரப்பில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் காசின் அருமை தெரியும்.

மறைந்திருக்கும் செலவு என்ன? முதலில், கேட்ட ரகம் கேட்ட நாளில் கிடைக்காது. வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என்று மூன்று படி பெருக்கி வருவதற்குள் பருவங்கள் ஓடிவிடும். இரண்டாவது, நல்ல ரகம் வெளியாகியும் நம்மை எட்டாது. பி.பி.டி. 5204 வந்தது 1986இல். இலைக்கருகல் வந்தால் தாங்காது. அந்த நோயைத் தாங்கும் மூன்று மரபணுக்களை ஏற்றி, அரிசி குணம் மாறாமல், ஹைதராபாத்தில் இருக்கும் இரண்டு அரசு நிறுவனங்கள் மேம்படுத்திய சம்பா மசூரியை 2008இலேயே வெளியிட்டுவிட்டன. எங்கள் பக்கம் இன்னும் பழைய பி.பி.டி.தான் மூட்டை மூட்டையாகப் போகிறது. ரகத்தை உருவாக்கக் காசு போட்டவர்கள் விதையைப் பெருக்கி ஊருக்குக் கொண்டுவரப் போதிய காசு போடவில்லை. அதற்கான விலையை நாம் மருந்துக் கடையில் கட்டுகிறோம்.

இன்னொன்று: ஒரே ரகத்தை ஊர் முழுக்கப் போடுவது. கரும்பில் பார்த்தோம். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் கோ 0238 உத்தரப் பிரதேசத்தில் கரும்புப் பரப்பின் பெரும்பகுதியைப் பிடித்தது. ஆலைக்கும் விவசாயிக்கும் கொட்டிக் கொடுத்தது. அப்புறம் செவ்வழுகல் நோய் வந்து சாய்த்தது. ரகம் என்பது வண்டி டயர் மாதிரி தேயும் பொருள். தேய்வதற்கு முன்பே அடுத்தது தயாராக இருக்க வேண்டும் என்றால் நிலையத்தில் ஆளும் பணமும் நிற்காமல் ஓட வேண்டும்.

## வீரிய ஒட்டு நெல்

வீரிய ஒட்டு என்றாலே தனியார் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியாவில் 1994இல் முதன்முதலாக வந்த வீரிய ஒட்டு நெல்களில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஜி.ஆர். 1 உம் ஒன்று. பிறகு கோ.ஆர்.எச். 3, 4 வந்தன. ஆனால் இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் கம்பெனி விதைகள். உத்தரப் பிரதேசம், பீகார், ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் இவை நன்றாகப் பரவியிருக்கின்றன. நம் ஊரில் குறைவு.

"விதை விலை அதிகம், அதனால் வேண்டாம்" என்று சிலர் ஒரே வரியில் ஒதுக்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏக்கருக்கு 6 கிலோ, கிலோ 300 ரூபாய் என்று வைத்தால் 1,800 ரூபாய். சாதா ரகம் 20 கிலோ, கிலோ 40 ரூபாய் என்றால் 800. வித்தியாசம் 1,000 ரூபாய்தான். சாதா ரகம் 60 கிலோ மூட்டையில் 40 மூட்டை, அதாவது 2,400 கிலோ காணும் வயலில் வீரிய ஒட்டு 15 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தால் 360 கிலோ. 2025-26இல் நம் கொள்முதல் நிலையத்தில் பொது ரகத்துக்கு (சன்ன ரகம் அல்லாத நெல்லுக்கு) குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அப்படியானால் 9,000 ரூபாய் கூடுதல் வரவு. விதை விலையை இது எளிதாகக் கட்டிவிடும்.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் போடாமல் வியாபாரிக்கு விற்பவராக இருந்தால், "சோறு ஒட்டும், குருணை விழும்" என்று சொல்லிக் கிலோவுக்கு 2 ரூபாய் குறைப்பார். 2,760 கிலோவுக்கு 5,520 ரூபாய் போச்சு. கூடுதல் தழைச்சத்து போட்டால்தான் அந்த 15 சதவீதம் வரும். தழைச்சத்து கூடினால் புகையானும் வரும், அதற்கு மருந்தும் வாங்க வேண்டும். கடைசியில் கையில் நிற்பது ஆயிரம், இரண்டாயிரம். தண்ணீர் தேங்கும் சம்பா வயலில் அதுவும் நிச்சயமில்லை.

சேமித்த விதை என்ன ஆகும் என்பதை ஒரு நண்பரின் வயலில் பார்த்தேன். முதல் வருஷம் பிரமாதமாக விளைந்ததைப் பார்த்து இரண்டு மூட்டையை எடுத்து வைத்து மறு வருஷம் விதைத்தார். ஒரே நாற்றங்காலில் வளர்ந்த நாற்றுதான். ஆனால் வயலில் ஒரு குத்து முழங்கால் உயரம், பக்கத்துக் குத்து இடுப்பு உயரம். ஒன்று கதிர் பழுத்துச் சாய்ந்தபோது இன்னொன்று பால் பிடித்துக்கொண்டிருந்தது. அறுவடை இயந்திரத்தை எந்த நாளில் இறக்குவது என்றே தெரியவில்லை. அப்பா அம்மா குணம் அடுத்த தலைமுறையில் பிரிந்து வரும், அது விதையின் குற்றமில்லை. வீரிய ஒட்டு வாங்குவது என்றால் ஒவ்வொரு வருஷமும் வாங்க வேண்டும்.

அப்படி வருஷா வருஷம் கடைக்குப் போகும் நிலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பருத்தி சாட்சி. உலகின் முதல் வணிக வீரிய ஒட்டுப் பருத்தி எச் 4. அதை 1970இல் சூரத்தில் அரசு நிலையம்தான் கொடுத்தது. கோயம்புத்தூரிலிருந்து எம்.சி.யு. 5, மிக நீண்ட இழை கொண்ட சுவின் எல்லாம் வந்தன. 2002இல், காய்ப்புழுவைத் தாங்க மரபணு மாற்றிய பி.டி. பருத்தி வந்த பிறகு சில வருஷத்தில் சந்தை முழுக்கக் கம்பெனி வீரிய ஒட்டுகளாகிவிட்டது. 450 கிராம் பொட்டலம் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றதை, 2006இல் ஆந்திர அரசு தலையிட்டு 750 ரூபாய்க்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. காய்ப்புழுவுக்கு முதலில் நல்ல பலன் கொடுத்த தொழில்நுட்பம்தான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் விலை ஏறியபோது "சரி, பழைய ரகத்துக்கே திரும்பிவிடலாம்" என்று சொல்ல விவசாயியிடம் விதை மிச்சமில்லை. நெல்லில் அந்த நிலை வராமல் இருப்பதற்குக் காரணம், அரசு ரகங்கள் இன்னும் வயலில் இருப்பதுதான்.

வாங்குகிறவர்கள் ரசீதையும் காலிப் பையையும் அட்டையையும் அறுவடை முடியும்வரை வைத்திருங்கள். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் சொல்லியிருக்கிறது. ரசீது இருந்தால்தான் அந்தத் தீர்ப்பு உங்களுக்குப் பயன்படும்.

## பாரம்பரிய நெல்

இதற்குப் பணம் போட்டது யார் என்றால், பேர் தெரியாத நம் பாட்டன் பாட்டிமார்கள். நம் காலத்தில் அந்த வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர் திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன். 2 கிலோ விதை வாங்கினால் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. 2018இல் அவர் மறைந்த பிறகு, அவர் பெயரிலேயே மரபுசார் நெல் பாதுகாப்புக்கு ஒரு திட்டத்தைத் தமிழக அரசு கொண்டுவந்தது.

விதைச் செலவு குறைவு. ரசாயன உரம் தேவையில்லை, போட்டால் சாய்ந்துவிடும். காட்டுயானம் தண்ணீர் நிற்கும் பள்ளக்காலுக்கு ஏற்றது, குழியடிச்சான் உப்பு நிலத்துக்கு. வைக்கோல் நிறைய வரும், மாடு வைத்திருப்பவருக்கு அது தனி வருமானம்.

ஆனால் விளைச்சல் பெரும்பாலும் பாதிதான். 40 மூட்டைக்குப் பதில் 20 மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 மூட்டை பொது ரகம் 60,000 ரூபாய் கொடுக்கும். அதே 60,000 வர வேண்டுமானால் 20 மூட்டையைக் கிலோ 50 ரூபாய்க்கு விற்க வேண்டும். உரச் செலவு மிச்சம் என்று கழித்தாலும் 45 ரூபாய்க்குக் கீழே போனால் கட்டாது. கொள்முதல் நிலையத்தில் இதற்குத் தனி விலை கிடையாது. அதனால் நீங்களே அரிசியாக்கி, பை போட்டு, வாடிக்கையாளரைத் தேடி விற்க வேண்டும். தவிடு நீக்காத அரிசியில் சீக்கிரம் வண்டு விழும். சின்ன அளவில் அரைத்துத் தரும் ஆலை பக்கத்தில் இல்லையென்றால் வண்டி வாடகை வேறு. முதல் வருஷம் பத்துப் பேர் ஆசையாக வாங்குவார்கள், இரண்டாம் வருஷம் நாலு பேர். இதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

இன்னொரு பொறி, பட்டம். பழைய சம்பா நெல்கள் பல, பகல் குறையும் காலம் பார்த்துத்தான் பூக்கும். பருவம் மாற்றி விதைத்தால் செழித்து வளரும், கதிர் வராது. அதோடு பெயர்க் குழப்பம். ஒரே பெயரில் இரண்டு ஊரில் இரண்டு நெல் இருக்கும். சான்று அட்டை பெரும்பாலும் இருக்காது. விதை கொடுப்பவரின் வயலைக் கதிர் முற்றும்போது நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாங்குவதே நல்லது.

அரசு ரகம், பாரம்பரிய ரகம் என்று எதிரெதிராக வைத்துச் சண்டை போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. மேலே சொன்ன ஜி.இ.பி. 24ஐ நம் மக்கள் கிச்சிலிச் சம்பா என்றுதான் அழைத்தார்கள். இன்று பாரம்பரிய அரிசி என்று ஆசையாக வாங்கும் அந்தப் பெயருக்குப் பின்னால் அரசு சம்பளம் வாங்கிய ஆராய்ச்சியாளரின் உழைப்பும் இருக்கிறது. வைகை அணை நிலையத்திலிருந்து வந்த வி.ஜி.டி. 1, ஆடுதுறை 43ஐயும் சீரகச் சம்பாவையும் சேர்த்து உருவாக்கியது. வெள்ளத்தைத் தாங்கும் குணம் ஒடிசா விவசாயியின் நெல்லிலிருந்து வந்தது. பழைய நெல் அழிந்தால் நாளைய ரகத்துக்கு எடுக்க எதுவும் இருக்காது.

## பக்கத்தில் பக்கத்தில்

| | அரசு ரகம் | வீரிய ஒட்டு | பாரம்பரிய நெல் |
|---|---|---|---|
| காசு போட்டவர் | வரி கட்டுகிறவர் | பெரும்பாலும் கம்பெனி | முன்னோரும் ஊராரும் |
| விதைச் செலவு | குறைவு | கூடுதல், வருஷா வருஷம் | குறைவு, பண்டமாற்றிலும் கிடைக்கும் |
| சேமிக்கலாமா | 3 வருஷம் வரை | கூடாது | எத்தனை வருஷமும், கலவன் நீக்கினால் |
| விளைச்சல் | நல்லது | நல்ல நிலம், நல்ல தண்ணீரில் கூடுதல் | ஏறக்குறைய பாதி |
| சம்பா மழை | சப் 1 இருந்தால் நல்லது | ரகத்தைப் பொறுத்து, பொதுவாகச் சுமார் | பள்ளக்கால் ரகங்கள் தாங்கும், மற்றவை சாயும் |
| விற்பனை | கொள்முதல் நிலையம், வியாபாரி | கொள்முதல் நிலையம், வியாபாரி விலை குறைப்பார் | சொந்த முயற்சி |
| மறைந்த செலவு | கேட்டது கிடைக்காமை, பழைய ரகத்தின் நோய் | உரம், மருந்து, குருணை | அரைவை, வண்டு, வாடிக்கையாளர் தேடல் |

## யாருக்கு எது?

பள்ளக்கால் வயல், வடிகால் சரியில்லை, அறுவடையைக் கொள்முதல் நிலையத்தில்தான் போடப்போகிறீர்கள் என்றால் சி.ஆர். 1009 சப் 1. யோசிக்கவே வேண்டாம். ஆனால் அது 155 நாள் பயிர். ஆகஸ்டுக்குள் விதைத்தாக வேண்டும். செப்டம்பர் நடுவைத் தாண்டிவிட்டால் அதை விட்டுவிட்டு 130, 135 நாள் ரகத்துக்குப் போங்கள்.

மேட்டு வயல், சொந்த ஆழ்குழாய்க் கிணறு, மண் பரிசோதனை பார்த்து உரம் போடும் பழக்கம், பொது ரகமாகக் கொள்முதல் நிலையத்தில் போட வசதி, இவை எல்லாம் இருந்தால் வீரிய ஒட்டை ஒரு பகுதியில் முயலலாம். முதல் வருஷமே முழு நிலத்தையும் அதற்குக் கொடுக்காதீர்கள். குத்தகை நிலத்தில் கடன் வாங்கிப் பயிர் செய்கிறவருக்கு இது வேண்டாம் என்பதே என் எண்ணம். மழை ஒரு வாரம் பிடித்தால் கூடுதலாகப் போட்ட முதல் முழுக்கப் போகும்.

பாரம்பரிய நெல்லுக்கு வாடிக்கையாளரை முதலில் பிடித்துவிட்டு, விதையை அப்புறம் வாங்குங்கள். நகரத்தில் பத்துக் குடும்பம் மாதாமாதம் வாங்கும் என்று உறுதியானால் ஒரு ஏக்கர். இல்லையென்றால் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு மா (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) நிலம் போதும். அந்த ஒரு மாவும் முக்கியம், விதை உயிரோடு இருக்கும்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் உறுப்பினர் நாலைந்து பேரை ஆதார விதை வாங்கிப் பெருக்கச் சொல்லி, விதைச் சான்றுத்துறையில் பதிந்து, ஊருக்கே சான்று விதை கொடுங்கள். அரசு நிலையத்துக்கும் நம் வயலுக்கும் நடுவில் விழுந்திருக்கும் பள்ளத்தை இதைவிடக் குறைந்த செலவில் நிரப்ப முடியாது.

2024 ஆகஸ்டில் பல பயிர்களில் 109 புதிய ரகங்களைப் பிரதமர் வெளியிட்டார். 2025 மே மாதம் பி.பி.டி. 5204இலேயே மரபணு திருத்திய கமலா என்ற நெல்லை மத்திய அரசு அறிவித்தது. பழைய ரகத்தைவிட 20 நாள் முன்னால் அறுவடைக்கு வரும் என்கிறார்கள். அந்தத் திருத்தும் தொழில்நுட்பத்தின் காப்புரிமை வெளிநாட்டில் இருப்பதால், விதையைச் சேமிக்கும் உரிமை அப்படியே இருக்குமா என்பதை நாம் இப்போதே கேட்டு வைக்க வேண்டும். குறைதீர் கூட்டத்தில் தண்ணீருக்கும் உரத்துக்கும் குரல் கொடுக்கும்போது, "எங்கள் வட்டார ஆராய்ச்சி நிலையத்தில் எத்தனை பணியிடம் காலி? மேம்படுத்திய ரகத்தின் ஆதார விதை இந்த வருஷம் எத்தனை டன் வருகிறது?" என்ற கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். நான் மூன்று வருஷமாகக் கேட்கிறேன். இந்த வருஷம் முதல் தடவையாக எழுத்தில் பதில் வந்தது.

எந்த விதையை வாங்கினாலும், வாங்கிய அன்றே 100 மணியை எண்ணி ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள், ஒரு வாரத்தில் பிரித்து முளையை எண்ணுங்கள். 80க்குக் குறைந்தால் மூட்டையையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு வாங்கிய இடத்துக்கே திரும்பப் போங்கள். நாற்றங்காலில் விட்ட பிறகு பேச எதுவும் இருக்காது.